ராவினது திரும்பாது, மருமவனே!

உக்காரு மருமவனே. அந்த போனை இங்கன குடு. ஓஹோ, இதுதானா அந்தப் பொக்கிஷம்! இந்த வாரம் பூரா உக்காந்தாலும் எந்திரிச்சாலும் இதைத்தானே பாத்துக்கிட்டு இருந்தே. நேத்து எம் மவ வச்ச குழம்புல உப்பே இல்லை. நீ அதைக் கவனிக்கலை. நான் கவனிச்சேன், சொல்லலை. நம்ம ரெண்டு பேருல யாரு புத்திசாலின்னு பெறவு பேசிக்கிடுவோம்.

கோல்ட் 1911, .45 காலிபர். பழசு. துப்பாக்கி ஆசாரி கை வச்சது. கேக்குத வெலை 1,900 டாலர். "ஆசாரிக்கு நான் குடுத்ததே அதை விட ஜாஸ்தி"ங்கான் விக்கப் போறவன். அதைக் கேட்டதும் உனக்கு வாயெல்லாம் பல்லு. பிறத்தியான் பட்ட நட்டத்தை நாம அடிச்ச லாபம்னு நெனைக்கவன் எங்க போனாலும் ஏமாறாம திரும்ப மாட்டான். சரி, தடுக்க மாட்டேன். வாங்கலாமா வேண்டாமான்னு கேட்டுட்டே. எனக்குத் தெரிஞ்சதைச் சொல்லுதேன்.

மொதல்ல ஒரு சோலி. உன் கிரீன் கார்டு கைக்கு வந்துட்டுல்லா? போன வருசம் வரைக்கும் எச்-1பி விசாவுல கிடந்தே. அந்த விசாக்காரன் துப்பாக்கி வச்சிருந்தா இந்த நாட்டு மத்திய சட்டப்படி குத்தம். வேட்டை லைசென்ஸ் எடுத்தவனுக்கு விலக்கு உண்டு. ஆனா பல்லியைப் பாத்து கட்டில் மேல ஏறுத நீ எந்தக் காட்டுல மான் அடிக்கப் போனே? இப்ப கிரீன் கார்டு இருக்கு. வாங்கலாம், பாதகமில்லை.

என் பாடுதான் பாவம். பட்டாளத்துல ஆர்மரரா இருந்து, ஈஷாப்பூர் பேக்டரியில செஞ்ச 9 எம்.எம். பிஸ்டலைக் கழட்டிக் கழட்டி மாட்டியே நரைச்சுப் போனவன் நான். ஆனா டூரிஸ்ட் விசாவுல வந்திருக்கேன் பாரு, நான் ஒரு துப்பாக்கியைக் கையில வச்சிருந்தா இங்கன அது வில்லங்கம். அதனால நாளைக்கு உன்கூட வாரேன், கையைப் பின்னால கட்டிக்கிட்டு நிக்கேன். பாக்கது நான், தொடுதது நீ. எம் மவளைக் கட்டிக் குடுத்ததுல இருந்து நம்ம ரெண்டு பேரும் சேர்ந்து செய்யப் போற மொத வேலை இதுதான்.

நம்மூர்ல இந்தப் பேச்சே கிடையாது. 1959 ஆயுதச் சட்டத்துல இந்த .45 எல்லாம் தடை செஞ்ச காலிபர். கலெக்டர் ஆபீஸ் வாசல்ல தவம் கிடந்தாலும் சம்சாரிக்குக் கிடைக்காது. கிடைக்குத துப்பாக்கியும் 2019 திருத்தத்துக்குப் பெறவு ஒரு ஆளுக்கு ரெண்டுதான். தேர்தல் வந்தா அதையும் போலீஸ் ஸ்டேஷன்ல ஒப்படைச்சிட்டு ரசீதோட வீட்டுக்கு நடக்கணும். இந்த டெக்சாஸ்ல என்னடான்னா, ஒரே மாநிலத்துக்காரன் ரெண்டு பேரு கார் டிக்கியைத் தொறந்து யாவாரத்தை முடிச்சிட்டுப் போயிரலாம். வாங்குதவன் சட்டம் தடுத்து வச்ச ஆள் இல்லைன்னா போதும், காகிதம் கேக்க நாதி இல்லை.

நீ அப்படிச் செய்யாதே. லைசென்ஸ் உள்ள கடைக்காரன் ஒருத்தனை நடுவுல வச்சு மாத்து. 4473ன்னு ஒரு பாரம் நிரப்பச் சொல்லுவான். 1998 கடைசியில இருந்து நடைமுறையில இருக்கிற எஃப்.பி.ஐ. சரிபார்ப்பு ஒண்ணு உண்டு, அதுல உன் பேரைப் போட்டுப் பாப்பான். விக்கவன் வெளிமாநிலத்துக்காரனா இருந்தா இந்த வழியைத் தவிர வேற வழியே கிடையாது. உள்ளூர்க்காரன்னாலும் இதையே செய். இந்த நம்பர் உள்ள துப்பாக்கி இந்தத் தேதியில உன் கைக்கு வந்ததுன்னு எழுத்துல இருக்கும். அதுக்கு முன்னால அது என்னென்ன கூத்து ஆடிச்சோ, அந்தக் கணக்கு உன் தலையில விடியாது. கடைக்குப் போவோம்னு சொன்னதும் விக்கவன் மூஞ்சி சுருங்குச்சுன்னு வையி, நீயும் போனைச் சுருக்கிப் பையில போட்டுட்டு வந்துரு.

இப்ப சாமானுக்கு வா. இதைச் செஞ்ச ஜான் பிரௌனிங் யூட்டா மாநிலத்துக்காரர். அவர் அப்பாவும் துப்பாக்கி ஆசாரிதான். 1911 மார்ச் மாசம் அமெரிக்கப் பட்டாளம் இந்தப் பிஸ்டலை ஏத்துக்கிடுச்சு. அதுக்கு முன்னால வச்ச பரீட்சையில 6,000 ரவை சுட்டாங்க. ஒரு தடவை கூட மக்கர் பண்ணலை. 1985ல பெரெட்டா வந்து எடத்தைப் பிடிக்க வரைக்கும் இதுதான் இடுப்புல தொங்கிச்சு. நான் ஆண்டு அனுபவிச்சேனே அந்த ஈஷாப்பூர் பிஸ்டல், அதுக்கும் பிள்ளையார்சுழி போட்டவர் இதே பிரௌனிங்தான். 1926ல அவர் பெல்ஜியத்துல கண்ணை மூடின பெறவு சேவ்னு அந்த ஊர்க்காரர் ஒருத்தர் முடிச்சு வச்சார். அதனால இதை நான் தொட்டதில்லைன்னாலும் இதோட வகையறா எனக்கு அத்துபடி.

"ஆறாயிரம் ரவைக்கு மக்கர் பண்ணாத சாமான்ல ஆசாரிக்கு என்ன மாமா வேலை?"ன்னு கேக்கே. கேள்வி நல்லாத்தான் இருக்கு. யாரு சொல்லிக் குடுத்தா? கேளு. பட்டாளத்துக்குச் செஞ்ச 1911ல குறி பாக்கிற முள்ளு எள்ளு அளவுதான். கொஞ்சம் கண்ணு மங்கினவனுக்கு அது இருக்கதே தெரியாது. சுடும்போது ஹாமர் பின்னால வந்து கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல இருக்க சதையைக் கடிக்கும். டிரிகர் கனம். மூக்கு உருண்ட 230 கிரெய்ன் ரவைக்குன்னு செஞ்ச பாதை அது. பின்னால வந்த மூக்கு குழிஞ்ச ரவை அதுல முட்டிக்கிட்டு நிக்கும். சேறு சகதியிலயும் ஓடணும்னு ஸ்லைடைக் கொஞ்சம் லூசா விட்டிருப்பாங்க. போட்டிக்குச் சுடுதவனுக்கு அந்த லூசு ஆகாது.

அதனால ஆசாரிமாருக்குச் சோலி வந்துச்சு. லூசியானாவுல ஜிம் கிளார்க், கலிபோர்னியாவுல ஆர்மண்ட் ஸ்வென்சன்னு சில பேரு பெரிய கையா வெளங்குனாங்க. 1976ல ஜெஃப் கூப்பர்ங்கிற முன்னாள் மரைன் அதிகாரி அரிசோனாவுல கன்சைட்னு ஒரு சுடுகளப் பள்ளிக்கூடம் தொடங்கினார். அதே வருசம் அவரும் இன்னும் சில பேரும் மிசூரியில கூடி, ஐ.பி.எஸ்.சி.ன்னு ஒரு போட்டிச் சங்கத்தையும் ஆரம்பிச்சாங்க. ஓடிக்கிட்டே சுடுத போட்டி. அதுல செயிக்கணும்னா சாமானை மாத்தியாகணும். அடுத்த வருசம் ஆர்கன்சால பில் வில்சன் கடை போட்டார். இவங்க எல்லாம் வேலை தெரிஞ்சவங்க. இவங்க பட்டறை வேலைன்னு ரசீதோட நிரூபிச்சா வெலை கூடத்தான் செய்யும்.

ஆனா ஊருக்கு நாலு நல்ல ஆசாரி இருந்தா, அவங்களைப் பாத்து அரம் வாங்கினவன் நானூறு பேரு இருப்பான். வீட்டு கராஜ்ல கை மெஷின்ல பாலிஷ் சக்கரத்தைப் போட்டு பளபளன்னு தேச்சவன் எல்லாம் ஆசாரிதான். உன் போன்ல இருக்க சாமானை எந்த ஆசாரி தொட்டான்? "ஒரு நல்ல கன்ஸ்மித்" அப்படின்னு போட்டிருக்கான். பேரு இல்லை. "ஒரு நல்ல குடும்பம்"னு மட்டும் சொல்லிப் பொண்ணு கேட்டு வந்தா உங்க அம்மா காப்பி குடுத்திருப்பாளா?

இந்த எடத்துல ஒண்ணைச் சொல்லுதேன், மனசுல முடிச்சுப் போட்டு வச்சுக்கோ. கழட்டி மாட்டினதைக் கண்டு பயப்படாதே. ராவி எடுத்ததைக் கண்டு பயப்படு. கைப்பிடிக் கட்டையை மாத்தியிருக்கானா, ஸ்பிரிங்கை மாத்தியிருக்கானா, மேகசினை மாத்தியிருக்கானா, மாத்திட்டுப் போறான். உனக்குப் பிடிக்கலைன்னா நாளைக்கு நீ வேற வாங்கி மாட்டலாம். ராவி எடுத்த இரும்பு எங்க இருக்கு? அவன் பட்டறைத் தரையில இருந்துச்சு, பெருக்கிக் கொட்டிட்டான். அதை உனக்கு யாரும் திருப்பித் தர முடியாது.

ராவினதுலயும் ரெண்டு தினுசு உண்டு. சியர்னு உள்ள ஒரு சின்னத் துண்டு, ஹாமரைப் பிடிச்சு நிப்பாட்டுதது அதுதான். அதையும் ஹாமர் கொக்கியையும் தேச்சுத்தான் டிரிகரை லேசாக்குவாங்க. அதைக் கெடுத்து வச்சிருந்தா காசு போச்சு, சாமான் போகலை. புதுத் துண்டு வாங்கி, தெரிஞ்ச கையில குடுத்துப் பொருத்திக்கிடலாம். ஆனா ஃபிரேமுல அரம் போட்டுக் கெடுத்திருந்தா தலைமுழுக வேண்டியதுதான். சீரியல் நம்பர் இருக்கது ஃபிரேமுல. இந்த நாட்டுச் சட்டத்துக்கு ஃபிரேம்தான் துப்பாக்கி. மத்தது எல்லாம் உதிரி, தபால்ல கூட வரவழைக்கலாம். ஆகக்கூடி உன் 1,900 டாலர் வேற எதுக்கும் இல்லை, அந்த ஃபிரேமுக்குத்தான். அதைப் பாக்காம நீ என்னத்தைப் பாத்தே? கைப்பிடியில செதுக்கின கழுகைப் பாத்தே!

நம்மூர் மாட்டுத்தாவணியில விக்கவன் கொம்பைச் சீவி எண்ணெய் தேச்சு கழுத்துல சலங்கை கட்டி நிப்பாட்டுவான். வாங்க வந்த சம்சாரி சலங்கைப் பக்கம் திரும்பக்கூட மாட்டான். நேரா வாயைப் பிளந்து பல்லைப் பாப்பான். நாளைக்கு நீயும் அப்படித்தான் போகணும். பல்லு எங்க இருக்குன்னு சொல்லுதேன்.

கையில வாங்கினதும் மேகசினைக் கழட்டு. ஸ்லைடை இழுத்து அறை காலியான்னு கண்ணால பாரு, சுண்டுவிரலை விட்டும் பாரு. விக்கவன் "காலிதான் சார்"னு சொல்லுவான். அவன் சொன்னா அவனோட. எல்லாத் துப்பாக்கியும் எப்பவும் நெறஞ்சிருக்குன்னு நெனைன்னு கூப்பர் சொல்லி வச்ச விதியைத்தான் இங்கன எல்லாரும் மொத விதியா படிக்காங்க. எங்க பட்டாளத்துலயும் அதே பாடந்தான், திட்டோட சேர்த்துச் சொல்லிக் குடுப்பாங்க. குழல் வாயை ஆள் இல்லாத பக்கமாவே வையி. முக்கியமா, நான் இருக்க பக்கம் திருப்பாதே. சீதனத்துல பாக்கி இருக்குன்னு ஊர்ல ஏற்கெனவே பேச்சு இருக்கு.

இழுத்த ஸ்லைடை காலி அறை மேல 'சடார்'னு விட்டுராதே. சினிமாவுல விடுவான், அவனுக்குக் கம்பெனி துப்பாக்கி. டிரிகர் வேலை செஞ்ச 1911ல அப்படி விட்டா ரவை தடுக்காம ஸ்லைடு முழு வேகத்துல வந்து முட்டும். தேச்சு வச்ச சியர் முனைதான் அந்த அடியை வாங்கும். பிறத்தியான் சாமான்ல அப்படிச் செஞ்சா அவன் பல்லைக் கடிப்பான். கையால பிடிச்சு மெதுவா முன்னால கொண்டு போய் விடு. அதைப் பாத்ததும் எதிர்ல நிக்கவன், "இவன் தெரிஞ்சவன் போல இருக்கே"ன்னு கொஞ்சம் நிமிர்ந்து நிப்பான். உனக்கு ஒண்ணும் தெரியாதுங்கது எனக்குத்தானே தெரியும்.

அடுத்து கட்டைவிரல் சேஃப்டி. அவன்கிட்ட கேட்டுக்கிட்டு, காலியா இருக்கதை இன்னொரு தடவை பாத்துட்டு, ஹாமரை ஏத்து. சேஃப்டியைப் போடு. டிரிகரை நல்லா அழுத்து, விடு. இப்ப சேஃப்டியை எடு. ஹாமர் விழக்கூடாது. விழலைன்னதும் குதிக்காதே, இன்னும் ஒண்ணு இருக்கு. ஹாமர்கிட்ட காதை வச்சு, அதை ஒரு மயிரிழை பின்னால இழு. 'டிக்'னு ஒரு சின்னச் சத்தம் கேட்டுதுன்னா சேஃப்டி சியரை முழுசாப் பிடிக்கலை. நீ அழுத்தினப்ப சியர் நகந்து ஓரத்துல நின்னிருக்கு, இப்பதான் எடத்துக்குத் திரும்புது. சத்தமே இல்லைன்னா சேஃப்டி சரி. எம் மவ கூப்பிட்டா கேக்காத அந்தக் காது நாளைக்கு ஒரு நாளாவது வேலை செய்யட்டும்.

கைப்பிடிக்குப் பின்னால ஒரு சேஃப்டி இருக்கும். உள்ளங்கை அழுத்தினாத்தான் டிரிகர் வேலை செய்யும். அதை அழுத்தாம டிரிகரை இழுத்துப் பாரு. ஹாமர் விழுந்தா, ஒண்ணு அது தேஞ்சிருக்கு, இல்லை எவனோ ஆணி அடிச்சு அமுக்கி வச்சிருக்கான். போட்டிக்காரன்ல சில பேரு அப்படிச் செய்யதுண்டு. கோல்ட் கம்பெனி 1983ல கொண்டு வந்த சீரிஸ் 80ல ரவையைக் குத்துத ஊசியைத் தடுக்க உள்ள ஒரு தடுப்பு வச்சான். டிரிகர் இன்னும் வழுவழுன்னு வரணும்னு அதையும் கழட்டிப் போட்ட மகராசன் உண்டு. இதெல்லாம் கழட்டினதுதானே, திரும்ப மாட்டிக்கிடலாமேன்னு நீ என் பேச்சை வச்சே என்னை மடக்குவே. மாட்டலாம். ஆனா சேஃப்டியைக் கழட்டின கை உள்ள வேற என்னத்தையெல்லாம் தொட்டுச்சோ? அந்தக் கையோட யாவாரமே வேண்டாம்.

டிரிகர் கனத்தை அளக்க ஒரு தராசு இருக்கு, கடைக்காரன்கிட்ட கேளு, தருவான். பட்டாளத்துச் சாமான்ல அஞ்சு பவுண்டுக்குக் குறையாம இருக்கும். நின்ன எடத்துல நின்னு குறி பாத்துச் சுடுத புல்ஸ்ஐ போட்டியோட விதியே .45க்கு ரெண்டு பவுண்டு டிரிகரை ஒத்துக்கிடாது. உன் ஆள் "ரெண்டு பவுண்டு, கண்ணாடி ஒடையத மாதிரி"ன்னு பெருமையாப் போட்டிருக்கான். ராத்திரி பின்பக்கக் கதவுல சத்தம் கேட்டு, தூக்கக் கலக்கத்துல நடுங்குத கையோட எந்திரிக்கப் போறவன் நீ. ரெண்டு பவுண்டு டிரிகர் உனக்கு எதுக்கு? பூனை தும்மினா ஜன்னல் கண்ணாடி நெசமாவே ஒடையும்.

பெறவு ரவை ஏறுத சரிவு. ஸ்லைடைப் பின்னால நிப்பாட்டி உள்ள வெளிச்சம் அடிச்சுப் பாரு. ஃபிரேமுல ஒரு சரிவு, குழல்ல ஒரு சரிவு. ரெண்டும் ஒண்ணா சேர்ந்து ஒரே வழுக்கலா இருக்கக்கூடாது. நடுவுல நூலளவு படி இருக்கணும், ஒரு அங்குலத்துல முப்பத்திரெண்டுல ஒரு பங்கு. மெருகு ஏத்துதேன்னு அந்தப் படியையே வழிச்சு எடுத்திருந்தான்னா ரவை போய் முட்டும். அது ஃபிரேமுல ராவினது, நான் சொன்ன தலைமுழுகுத கேஸு. ரவை ஏறுத பக்கத்துக் குழல் வாயை ஒரேயடியா அகட்டியிருந்தா ரவைக் கூட்டுக்கு அடியில தாங்கல் இருக்காது. சுட்ட கூட்டை எடுத்துப் பாரு. அடிப்பக்கம் தொந்தி போட்டிருந்தா சாமானை அவன்கிட்டயே குடுத்துட்டு கையைத் தொடைச்சுக்கோ.

இதெல்லாம் உனக்குப் பிடிபடலைன்னா சுலபமா ஒரு வழி இருக்கு. வெளிய தெரியுத வேலையைப் பாரு. கைப்பிடியோட முன்பக்கத்துல விரல் வழுக்காம இருக்க கட்டம் கட்டமா கோடு வெட்டியிருப்பான். அங்குலத்துக்கு இருபது, இல்லைன்னா முப்பது கோடு. கையால வெட்டுத வேலை அது. கோடு மேல இருந்து கீழ வரைக்கும் நேரா வருதா? ஓரத்துல போய் கோணிக்கிட்டு நிக்குதா? கோடுக்கு நடுவுல வர வைர முனை எல்லாம் ஒரே அளவுல கூரா இருக்கா? ஹாமர் கடிக்காம இருக்க பின்னால வால் வச்ச சேஃப்டி மாட்டியிருப்பான். அதுக்காக ஃபிரேம் காதை வளைச்சு ராவித்தான் ஆகணும். அந்த வளைவுக்கும் ஃபிரேமுக்கும் நடுவுல இடைவெளி சீரா இருந்தா அரம் பிடிச்சவன் ஆசாரி. ஒரு பக்கம் நகம் நுழையுது, ஒரு பக்கம் ஒட்டிக்கிட்டு நிக்குதுன்னா, கண்ணுக்குத் தெரியுத எடத்துலயே இந்த லெச்சணம்னா, தெரியாத எடத்துல சியரை எப்படித் தேச்சிருப்பான்? ராவினது எல்லாம் பாவம்னு நான் சொல்லலை. யாரு ராவினாங்கதுதான் கேள்வி.

இடது பக்கம் ஸ்லைடு ஸ்டாப்புக்குக் கீழ ஃபிரேமைப் பாரு. பிறை வடிவத்துல ஒரு கீறல் இருக்கும். இந்த ஊர்க்காரன் அதுக்கு 'முட்டாள் கீறல்'னே பேரு வச்சிருக்கான். கழட்டித் திரும்ப மாட்டத் தெரியாதவன் அந்த நெம்புகோலை உலோகத்து மேல இழுத்து இழுத்துப் போட்டது. கீறல் இருந்தா அவன் துப்பாக்கியை எப்படி ஆண்டிருக்கான்னு தெரியும், வெலையிலயும் நூறைக் குறைச்சுக் கேக்கலாம். கீறல் இல்லைன்னா கவலைப்படாதே, வாங்கின மொத ஞாயித்துக்கிழமை நீயே போட்டுருவே.

"டைட்டா இருக்கு, ஆடவே ஆடாது"ங்கான். ஸ்லைடு ஆடுதா ஆடலையாங்கது ரெண்டாம் பட்சம். ஸ்லைடு மூடி இருக்கும்போது குழலோட பின்தலையைக் கட்டைவிரலால அமுக்கு. அது அமுங்கக்கூடாது. குறி தப்பாம இருக்க அதுதான் முக்கியம். ஸ்லைடை இறுக்க அந்தக் காலத்து ஆசாரிமாரு ஃபிரேம் தண்டவாளத்தைச் சுத்தியலால தட்டித் தட்டி அகட்டுவாங்க. போட்டித் துப்பாக்கிக்கு அது சரி. அடிக்கடி எண்ணெய் போட்டுப் பேணணும். காருக்கே எண்ணெய் மாத்தாதவன் நீ.

இன்னும் ஒண்ணு கேளு அவன்கிட்ட: "இது எந்த ரவைக்குன்னு வேலை செஞ்சது?" புல்ஸ்ஐ போட்டிக்காரன் மருந்து கம்மியாப் போட்ட லேசு ரவையைத்தான் சுடுவான். அதுக்குத் தோதா மெலிசு ஸ்பிரிங் மாட்டியிருப்பான். அஞ்சு அங்குலக் குழல் .45க்கு வழக்கமா 16 பவுண்டு ஸ்பிரிங். மெலிசு ஸ்பிரிங்கை வச்சுக்கிட்டு நீ கடையில வாங்கின முழு மருந்து ரவையைச் சுட்டா, ஸ்லைடு பின்னால போய் ஃபிரேமை மடார் மடார்னு அடிக்கும். ஸ்பிரிங் சல்லிக்காசு. கேக்காம விட்டா ஃபிரேமுக்கு வினை. இந்தக் கேள்விக்கு அவன் டக்குனு பதில் சொன்னா, ஆளு சுட்டுப் பழகினவன். "எல்லா ரவையும் ஓடும் சார்"னு சொன்னா அவன் வாங்கி வச்சு அழகு பாத்தவன், இல்லை வேற எவன்கிட்டயோ ஏமாந்து உன்கிட்ட தள்ளுதவன்.

வெலைக்கு வா. "ஆசாரிக்குக் குடுத்தது ரெண்டாயிரம்"ங்கான். அது அவன் ஆசைக்குக் குடுத்தது. அவன் கை அளவுக்கு, அவன் கண்ணுக்கு, அவன் போட்டிக்குச் செஞ்சது. உன் கை வேற. போட்டிக்காரன் செலவழிச்சதுல பாதி திரும்ப வந்தாலே அவன் குலதெய்வத்துக்குப் பொங்கல் வைக்கலாம். இன்னொரு சங்கதியும் இருக்கு. 1990கள் நடுவுல இருந்து கிம்பர் மாதிரி கம்பெனிக்காரங்களே வாலு வச்ச சேஃப்டி, பெரிய முள்ளு, சுட்ட கூடு வெளிய வர அகட்டின ஜன்னல் எல்லாம் போட்டு பேக்டரியிலயே இறக்கிட்டாங்க. ஒரு காலத்துல ஆசாரி வாசல்ல மாசக்கணக்குல காத்துக் கிடந்து செஞ்ச வேலை இன்னைக்குப் புதுச் சாமான்ல வாரண்டியோட வருது. அதுல பாதி வேலைக்கு நீ எதுக்குத் தனியா வெலை குடுக்கணும்?

பழைய கோல்ட்டுன்னு வேற சொல்லுதான். எப்ப செஞ்சதுன்னு நம்பரை வச்சுப் பாரு. ரெண்டாம் உலகப் போருக்கு முந்தினதா இருந்தா, அரம் படாம அப்படியே இருந்திருந்தா சேகரிக்கவன் அள்ளிக் குடுப்பான். முள்ளுக்காக ஸ்லைடுல வெட்டுப் போட்டு, பழைய நீலப் பூச்சை உரிச்சு மறுபூச்சும் போட்டாச்சுன்னா சேகரிக்கவனுக்கு அது வேண்டாத சாமான். அந்தப் பழமைக்கும் காசு கேட்டான்னா, "அதைத்தான் நீங்களே ராவிட்டீங்களே அண்ணாச்சி"ன்னு பணிவாச் சொல்லு. அதை இங்கிலீஷ்ல எப்படிச் சொல்லுவேங்கது உன் பாடு.

கடைசியா சுட்டுப் பாக்காம காசை எண்ணாதே. சுடுகளத்துக்கு அவனையும் கூப்பிடு. மொதத் தடவை மேகசின்ல ரெண்டே ரெண்டு ரவை போடு, ஏழையும் நெருக்காதே. டிரிகர் வேலை கெட்டிருந்தா ஒரு அழுத்துக்கு ரெண்டு வெடி போகும். ரெண்டே ரவைன்னா அந்தக் கூத்து ரெண்டோட முடிஞ்சிரும். ஒண்ணுக்கு ஒண்ணுன்னு ஒழுங்காப் போனா மூணு, பெறவு முழுசா. உருண்ட மூக்கும் சுடு, குழிஞ்ச மூக்கும் சுடு. வீட்டுல நீ எதை வைக்கப் போறியோ அது ஓடணும். களத்துக்கு வர மாட்டேன்னு அவன் சொன்னா, அதுலயே உனக்குப் பதில் கிடைச்சுட்டு.

இதெல்லாம் தேறிட்டுன்னா, அதே நெலைமையில கை படாத 1911 என்ன வெலைக்குப் போகுதோ அந்த வெலையில இருந்து பேச்சைத் தொடங்கு. ஆசாரிக்குப் பேரும் ரசீதும் இருந்தா கொஞ்சம் மேல ஏறு. பேரு இல்லைன்னா ஆசாரி வேலைக்கு வெலை சைபர். மிச்சம் பிடிச்ச காசுல ஒரு நல்ல இரும்புப் பெட்டி வாங்கு. பேரன் இப்ப நாற்காலியை இழுத்துப் போட்டு அலமாரி உச்சி வரைக்கும் ஏறுதான். பெட்டி வீட்டுக்கு வந்த பெறவுதான் துப்பாக்கி வரணும். அதுக்கும் முன்னால எம் மவகிட்ட நீ சொல்லியாகணும். அந்த எடத்துல நான் உன்கூட நிக்க மாட்டேன், கையைப் பின்னால கட்டிக்கிட்டுக் கூட நிக்க மாட்டேன்.

சரி, ஒரே வரியில சொல்லுங்க மாமான்னு முழிக்கே. சொல்லுதேன். விக்கவன்கிட்ட ஆசாரி பேரையும் போன் நம்பரையும் வாங்கு. அந்த ஆசாரியைக் கூப்பிட்டு, நம்பரைச் சொல்லி, "ஐயா, நீங்க வேலை செஞ்ச துப்பாக்கி ஒண்ணு வெலைக்கு வந்திருக்கு, வாங்கினா பின்னால பழுதுபாக்க உங்ககிட்டயே கொண்டு வரலாமா?"ன்னு மட்டும் கேளு. "கொண்டு வா, என் கை வேலைதான்"னு சொன்னான்னா பேரம் பேசி வாங்கு. "அதுவா..."ன்னு இழுத்தான்னா, சட்டுபுட்டுன்னு போனை வச்சிட்டு வந்து சாப்பிட உக்காரு. குழம்புல உப்பு பாத்துக்கிடலாம்.